அட்டவணையில் ஜெயித்த கார்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கும், வாங்கலாமா என்று யோசித்துக் கொண்டிருப்பவர்களுக்கும் இந்த மாதம் ஒரு கார் கதை. கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சுற்றி வளைத்துக் கடைசியில் உங்கள் பர்சுக்குத்தான் வந்து சேரப் போகிறோம்.

பொங்கல் விடுமுறைக்குச் சொந்த ஊரான ராஜபாளையம் போயிருந்தேன். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடை. பக்கத்து பெஞ்சில் கல்லூரிப் பையன்கள் நான்கு பேர். ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக் கொண்டு பெரிய சண்டை.

"மஸ்டாங் 5 லிட்டர் வி8டா. சத்தத்தைக் கேட்டாலே போதும்!"

"சத்தத்தை வச்சு என்ன பண்ண? கார்வெட் 2.9 செகண்டுல அறுபதைத் தொட்டுரும்."

"நேர் ரோட்டுல சரி மாப்ளே. வளைவுல போர்ஷே கூட நிக்குமா உன் கார்வெட்?"

நான்கு பேரும் வந்திருந்தது இரண்டு பழைய பைக்குகளில். டீ ஆற்றிக் கொண்டிருந்த கடைக்காரர் சிரித்தார். "டீக்கு அக்கவுண்டு, பேச்சு மட்டும் அமெரிக்கா காரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து அப்படிப் பேசியவன்தான். அந்த வயதில் எங்கள் சண்டை பென்டியமா, ஆத்லானா என்பது. அதில் ஒருவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "அண்ணே, நீங்க மெட்ராஸ்ல சாஃப்ட்வேர் இன்ஜினியர்தானே? நீங்களே சொல்லுங்கண்ணே, எது பெஸ்ட்?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இதே மாதிரிக் கேள்விக்கு முன்பு ஒரு முறை பதில் சொல்லி, ஒரு குடும்பத்துக்கு நஷ்டம் ஏற்படுத்தியிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கார்.

சண்டை இன்று தொடங்கியதல்ல

ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங்கை 1964 ஏப்ரல் 17-ம் தேதி அறிமுகம் செய்தது. அது சக்கைப் போடு போட்டதைப் பார்த்து 1966-ல் செவர்லே நிறுவனம் கமாரோவைக் கொண்டு வந்தது. 1970 மாடலாக டாட்ஜ் சேலஞ்சர் வந்தது. அன்று ஆரம்பித்த ஒப்பீடு அரை நூற்றாண்டைத் தாண்டி ஓடியது. 2023 டிசம்பரில் கமாரோவும், பழைய வி8 சேலஞ்சரும் உற்பத்தியை முடித்துக் கொண்டன. மஸ்டாங் மட்டும் 2022-ல் அறிமுகமான ஏழாவது தலைமுறையோடு களத்தில் நிற்கிறது.

செவர்லேவின் கார்வெட் வேறு ரகம். தலைமுறை தலைமுறையாக முன்பக்கம் இருந்த இன்ஜினை, 2019 ஜூலையில் காட்டிய புதிய மாடலில் டிரைவருக்குப் பின்னால் கொண்டு போய் வைத்தார்கள். அப்போது அமெரிக்காவில் ஆரம்ப விலை 60 ஆயிரம் டாலருக்கு 5 டாலர் குறைவாக இருந்தது. போர்ஷே 911-ன் விலையோ அங்கே ஒரு லட்சம் டாலரை நெருங்கியிருந்தது. ரசிகர்கள் விடுவார்களா? 'பாதி விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தால் அதே வேகம்' என்று அட்டவணை மேல் அட்டவணை போட்டார்கள்.

நம் ஊருக்கு இந்த ஜுரம் முறையாக வந்தது 2016-ல். அந்த ஆண்டு ஜூலையில்தான் மஸ்டாங் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 5 லிட்டர் வி8 இன்ஜின், 401 பி.எஸ். திறன், டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம் ரூபாய். வாங்கியவர்கள் சிலர், பேசியவர்கள் பல லட்சம் பேர்!

பேசுவதில் தப்பே இல்லை

'வாங்க முடியாத காருக்கு எதற்கு இவ்வளவு பேச்சு?' என்று பெரியவர்கள் கேட்பார்கள். இந்த இடத்தில் நான் பையன்கள் கட்சி.

ஓர் உதாரணம். 1999-ம் ஆண்டு மஸ்டாங் கோப்ரா என்ற மாடலுக்கு 320 ஹார்ஸ்பவர் என்று ஃபோர்டு அறிவித்தது. வாங்கிய ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. காரை டைனோ என்ற கருவியில் ஏற்றினார்கள். சக்கரங்கள் உருளைகள் மேல் சுழல, இன்ஜினின் சக்தி சக்கரத்துக்கு எவ்வளவு வந்து சேருகிறது என்று அளந்து சொல்லும் கருவி அது. சொன்ன அளவுக்குச் சக்தி வரவில்லை என்று தெரிந்தது. விஷயம் பெரிதாகி, அந்த ஆண்டு ஆகஸ்டில் ஃபோர்டு விற்பனையை நிறுத்தி வைத்தது. விற்ற கார்களைத் திரும்ப அழைத்துப் பாகங்களை மாற்றி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரையும் திருத்திக் கொடுத்தது.

பெரிய கம்பெனி அச்சடித்த எண்ணை, சாதாரண வாடிக்கையாளர்கள் அளந்து பார்த்துக் கேள்வி கேட்டார்கள், ஜெயித்தார்கள். ஒப்பிடும் பழக்கம் இல்லாத வாடிக்கையாளரை யாரும் ஏமாற்றலாம். ஆகவே நன்றாக ஒப்பிடுங்கள். ஆனால் எண்களை எழுதுவதற்கு முன் சில கேள்விகள் கேட்டாக வேண்டும்.

ஒரே அளவுகோலா?

பையன் சொன்ன 2.9 செகண்டை எடுத்துக் கொள்வோம். அது மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டும் நேரம். 60 மைல் என்பது 100 கிலோமீட்டர் அல்ல, சுமார் 96.5 கிலோமீட்டர்தான். ஐரோப்பிய கார்களுக்குப் பெரும்பாலும் 100 கிலோமீட்டர் கணக்கு. இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுதினால் அமெரிக்கக் காருக்குச் சும்மா ஒரு சலுகை கிடைத்து விடுகிறது.

இன்னொரு ரகசியமும் உண்டு. அமெரிக்காவில் பல சோதனைகளில், கார் முதல் ஓர் அடி நகர்ந்த பிறகுதான் கடிகாரத்தைத் தொடங்குவார்கள். டிராக் ரேஸ் களத்திலிருந்து வந்த வழக்கம் இது. அந்த ஓர் அடியில் 0.2 முதல் 0.3 செகண்டு மிச்சமாகும். இந்தப் பையன்கள் சண்டை போட்டதே 0.3 செகண்டுக்குத்தான்!

ஹார்ஸ்பவரும் அப்படித்தான். அமெரிக்க எச்பி ஒன்று சுமார் 746 வாட். ஐரோப்பிய பி.எஸ். ஒன்று சுமார் 735.5 வாட். இந்திய மஸ்டாங்கின் 401 பி.எஸ். என்பது எச்பி கணக்கில் 395 மட்டுமே. 1972-க்கு முந்தைய அமெரிக்க கார்களின் எண்களோ இன்னும் மோசம். இன்ஜினைத் தனியே கழற்றி வைத்து, அதற்குப் பாரமாக இருக்கும் உறுப்புகள் இல்லாமல் அளந்த 'கிராஸ்' கணக்கு அது. பழைய மஸ்டாங் பெரிய எண் காட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கம்ப்யூட்டர் வாங்கிய உங்களுக்கு இது புதிதல்ல. 512 ஜிபி என்று அச்சடித்த எஸ்எஸ்டியை விண்டோஸில் திறந்து பார்த்தால் சுமார் 476 ஜிபிதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றி விட்டாரோ என்று சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஒரு ஜிபிக்கு நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 107 கோடிக்கும் மேலான பைட்டுகளை ஒரு ஜிபி என்கிறது. பண்டம் ஒன்று, படி இரண்டு.

எண் ஒன்று, வேலை வேறு

எங்கள் காலத்து பென்டியம் - ஆத்லான் சண்டையைச் சொன்னேன் அல்லவா? அப்போது எல்லோரும் மெகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும்தான் பார்ப்போம். பென்டியம் 4 அதில் பெரிய எண் காட்டியது. 2001-ல் ஏஎம்டி நிறுவனம் ஆத்லான் எக்ஸ்பி என்ற சிப்பை வெளியிட்டபோது, 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்புக்கு '1800+' என்று பெயர் வைத்தது. ஒவ்வொரு துடிப்பிலும் தன் சிப் அதிக வேலை செய்கிறது, வெறும் துடிப்பை எண்ணாதீர்கள் என்பது அதன் வாதம். கடைசியில் இன்டெல்லும் அந்த ஓட்டப் பந்தயத்தை விட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை 2004-ல் கைவிட்டது.

சோதனையையே ஏமாற்றும் கதையும் உண்டு. 2015 செப்டம்பரில் வோக்ஸ்வேகன் டீசல் கார்களின் குட்டு அமெரிக்காவில் வெளிப்பட்டது. காரில் இருந்த சாஃப்ட்வேர், தன்னைச் சோதனை செய்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்து, அந்த நேரத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டியது. சாஃப்ட்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் அந்தச் செய்தி எனக்கு வெட்கமாகவே இருந்தது. சோதனைக் கூடத்து எண்ணையும் தெருவில் கிடைக்கும் பலனையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அட்டவணையில் இல்லாத வரி

இதுவரை சொன்னது எழுதிய எண்களில் உள்ள சிக்கல். எழுதாமல் விட்ட வரிகள்தான் எனக்குப் பெரிய கவலை.

டீக்கடையில் ஒரு மணி நேரம் நடந்த விவாதத்தில் பிரேக் என்ற வார்த்தை ஒரு தடவை கூட வரவில்லை. மோதினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. 2017 ஜனவரியில் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு மஸ்டாங்கை மோதவிட்டுப் பார்த்து, ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் மட்டுமே கொடுத்தது. முன்பக்க மோதலில் ஏர்பேக் போதிய அளவு உப்பவில்லை என்பதும், மோதலைத் தவிர்க்கத் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி இல்லை என்பதும் முக்கியக் குறைகள். பிறகு திருத்திய மாடலுக்கு மூன்று நட்சத்திரம் கிடைத்தது. அமெரிக்க அரசின் சோதனையிலோ அதே தலைமுறை மஸ்டாங் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருந்தது. இரண்டு ஊர்களிலும் சோதனை முறை வேறு, காரில் கொடுத்த வசதிகளும் வேறு. இந்தக் கதை முழுவதும் தெரியாமல் 'ஐந்து நட்சத்திரம்' என்று மட்டும் ஒருவர் எழுதினால் அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஆடிப்பூரத்துக்கு ஓடும் ஆண்டாள் தேரைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கத்தின் உண்மையான பெரிய வண்டி அதுதான். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானவர்கள் இருப்பார்கள். ஆனால் சக்கரத்தின் அருகே குனிந்தபடி முட்டுக்கட்டை போடும் சிலரைக் கவனியுங்கள். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள்தான். அவர்கள் கை தவறினால் வடம் பிடித்த அத்தனை பேருக்கும் ஆபத்து. 'எத்தனை நேரத்தில் வேகம் எடுத்தது?' என்று தேரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 'நல்லபடியா நிலைக்கு வந்துருச்சா?' என்றுதான் கேட்பார்கள்.

விலை என்ற வரியும் ஊருக்கு ஊர் மாறும். 2016-ல் அமெரிக்காவில் வி8 மஸ்டாங் 35 ஆயிரம் டாலருக்குள் கிடைத்தது. அன்றைய மாற்று மதிப்பில் 24 லட்சம் ரூபாய்க்குள். அங்கே 'கொடுக்கிற காசுக்கு இதைப் போல் கார் இல்லை' என்று ரசிகர்கள் எழுதியது நியாயம். இறக்குமதி வரியெல்லாம் சேர்ந்து இங்கே 65 லட்சம் ஆனபோது அந்த வாக்கியம் செல்லாது. நாம் அமெரிக்கத் தீர்ப்பைக் கடன் வாங்கி இந்திய விலையில் பேசிக் கொண்டிருந்தோம்.

சாலையும் ஒரு வரி. 2018-ல் மத்திய அரசு நான்கு வழிச் சாலையில் காருக்கு மணிக்கு 100 கிலோமீட்டர், சாதாரணச் சாலையில் 70 என்று உச்ச வரம்பு அறிவித்தது. விதிப்படி போடும் வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம். விதிப்படி போடாதவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தரையோடு ஒட்டிப் போகும் கார்வெட் எங்கள் தெருவுக்குள் எப்படி வரும்?

பழுது பார்ப்பது இன்னொரு வரி. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. உதிரி பாகமும் சர்வீஸும் தொடரும் என்று அறிவித்தாலும், ஃபோர்டு வைத்திருந்தவர்கள் வயிற்றில் அன்று புளி கரைந்தது. எந்த ரசிகரின் அட்டவணையிலும் 'கம்பெனி ஊரில் இருக்குமா?' என்ற கட்டம் இருந்ததில்லை.

நான் போட்ட அட்டவணை

இனி என் கதை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் சித்தப்பா இருக்கிறார். மில் வேலை. அவர் மகன் பி.காம். சேர்ந்தபோது லேப்டாப் வேண்டும் என்றான். சித்தி கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து எழுபதாயிரம் ரூபாய் தயார் செய்தார்கள். 'நம்ம வீட்டுல கம்ப்யூட்டர் படிச்சவன் நீதானப்பா, நீயே பாத்துச் சொல்லு' என்று பொறுப்பு என்னிடம் வந்தது.

நான் எக்செல் திறந்து அட்டவணை போட்டேன். பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு, ஸ்கிரீனின் ஹெர்ட்ஸ், கேம் ஓடும் வேகம் எல்லாம் இருந்தது. ஆறு மாடல்கள். பச்சை வண்ணம் அடித்து ஜெயித்த மாடலைக் காட்டினேன். அது கேம் ஆடுபவர்களுக்கான லேப்டாப். அந்தக் காசுக்கு அதைவிட வேகமானது இல்லை. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

தம்பி தினமும் பஸ்ஸில் சிவகாசிக்குப் போய்ப் படிக்கிறவன். லேப்டாப்பும் அதன் செங்கல் மாதிரியான சார்ஜரும் சேர்ந்து மூன்று கிலோவைத் தாண்டின. பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கவில்லை. வகுப்பறையில் அவன் பெஞ்சுப் பக்கம் பிளக் பாயிண்ட் இல்லை. அவன் ஓட்டியது டேலியும் எக்செலும். ஒரு மாதத்தில் அதைக் கல்லூரிக்கு எடுத்துப் போவதை நிறுத்தி விட்டான். ஒரு வருடம் கழித்துப் பாதி விலைக்கு விற்றோம். சங்கிலியை மீட்க மேலும் எட்டு மாதம் ஆனது.

சித்தப்பா என்னைக் குறை சொல்லவில்லை. "நம்பர் எல்லாம் பெரிசாத்தானப்பா இருந்துச்சு" என்றார். அதுதான் எனக்கு வலித்தது. எடை, பேட்டரி என்ற இரண்டு வரிகளை நான் எழுதவே இல்லை. எழுதாததற்குக் காரணம், எனக்கு அவை முக்கியமில்லை. என் மேஜையில் எப்போதும் பிளக் உண்டு. நான் எனக்காக ஓர் அட்டவணை போட்டு, அவன் காசில் வாங்க வைத்திருக்கிறேன்.

மஸ்டாங் ரசிகர் அட்டவணை போட்டால் சத்தமும் விலையும் முதல் வரிகளில் இருக்கும். போர்ஷே ரசிகர் போட்டால் வளைவும் பிரேக்கும் முன்னால் வரும். கார்வெட் ரசிகருக்குச் செகண்டு கணக்கு. மூன்று பேரும் உண்மையான எண்களைத்தான் எழுதுவார்கள். மூன்று அட்டவணையிலும் வேறு வேறு கார் ஜெயிக்கும். வரிகளைத் தேர்ந்தெடுப்பவர்தான் வெற்றியையும் தேர்ந்தெடுக்கிறார். கடையில் உங்கள் கையில் திணிக்கும் நோட்டீஸும் ஓர் அட்டவணைதான். அதன் வரிகளைப் போட்டவர் விற்பவர்.

நீங்களே போடுங்கள்

செய்ய வேண்டியது சுலபம். எந்த மாடலையும் பார்ப்பதற்கு முன்பே எக்செலில் முதல் காலத்தில் உங்கள் தேவைகளை எழுதுங்கள். யார் உபயோகிக்கப் போகிறார்? என்ன வேலை? எங்கே உட்கார்ந்து? தூக்கிக் கொண்டு போக வேண்டுமா? கரன்ட் போனால் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும்? ரிப்பேர் என்றால் ஊரிலேயே ஆள் உண்டா, அல்லது மதுரைக்குத் தூக்கிக் கொண்டு ஓட வேண்டுமா?

இரண்டாவது காலத்தில் ஒவ்வொரு தேவைக்கும் எவ்வளவு முக்கியம் என்று எண் கொடுங்கள். மொத்தம் 100 வர வேண்டும். இப்படிக் கட்டுப்பாடு வைத்தால்தான், ஒன்றுக்குக் கூட்டும்போது இன்னொன்றில் குறைக்க மனசு வரும். அதன் பிறகு மாடல்களை எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். மதிப்பெண்ணை முக்கியத்துவ எண்ணால் பெருக்கிக் கூட்டினால் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு மொத்தம் வரும்.

இதில் ஒரே ஓர் எச்சரிக்கை. மனசுக்குப் பிடித்த மாடல் தோற்றுவிட்டால், முக்கியத்துவ எண்ணை மாற்றி அதை ஜெயிக்க வைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. அதனால் அந்தக் காலத்தை முடித்ததும், உபயோகிக்கப் போகிறவரிடம் காட்டுங்கள். என் தம்பியிடம் நான் காட்டியிருந்தால், 'பேட்டரி எங்கேண்ணே?' என்று அவனே கேட்டிருப்பான்.

டீக்கடைப் பையன்களிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "எது பெஸ்ட்னு அப்புறம் சொல்றேன். முதல்ல யாருக்கு, எந்த ரோட்டுக்குன்னு சொல்லுங்கடா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்கள். ஒருவன் சொன்னான்: "எங்க அப்பாவுக்கு, ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ட்டு வர்றதுக்கு."

மஸ்டாங், கார்வெட், போர்ஷே மூன்றும் அந்த நிமிடமே போட்டியிலிருந்து விலகின. நான்கு பேரும் சின்ன கார்களைப் பற்றி முன்பைவிடச் சத்தமாகச் சண்டை போட ஆரம்பித்தார்கள். இந்த முறை முதல் வரி பிரேக். கடைக்காரரே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மைலேஜ் என்று ஒரு வரி சேர்த்தார்.